அக்காவுக்கு வந்த லிங்க்குகள்

2024 ஜூன் 10, திங்கள், காலை 9.40. லிங்க்குகள்: 1,146.

கூகுளிலிருந்து அறிவிப்பு வந்துவிட்டது. 'உங்கள் தளத்தை நோக்கி இயல்புக்கு மாறான இணைப்புகள் உள்ளன.' இது மெஷின் தானாக அனுப்புகிற எச்சரிக்கை இல்லை. எங்கேயோ ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்துத் தண்டனை போட்டிருக்கிறான். போன வாரம் முதல் பக்கத்தில் மூன்றாம் இடம். இன்று ஆறு பக்கம் புரட்டியும் காணோம்.

தளம் என்னுடையது அல்ல, சுகந்தி அக்காவுடையது. திருப்பூர் பாண்டியன் நகரில் ஒரு மாடி, ஆறு பவர் தையல் மெஷின். மார்பகப் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட பெண்கள் போடுகிற உள்ளாடை தைக்கிறாள். எடுத்த பக்கத்துக்கு உள்ளே வைக்கும் பஞ்சுத் திண்டும் அதிலேயே சேரும். பெயர் 'இதம்'. இந்த நான்கு வரியை எழுதவே மூன்று தடவை அழித்துத் திருத்தினேன். இனிமேல் 'பொருள்' என்றுதான் எழுதப்போகிறேன்.

இந்தப் பொருளைக் கடையில் யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவன் ஆண். அதனால் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் தேடுகிறார்கள். தேடும்போது நாங்கள் வந்தால் அக்காவுக்கு ஆர்டர். வராவிட்டால் இல்லை.

மெஷின் ஓடும் இடத்துக்குப் போய் அக்காவிடம் சொன்னேன்.

"தண்டனையா? நாம என்னடா தப்புப் பண்ணுனோம்?"

"நாம இல்லக்கா. லிங்க்கு."

"அதை யாரு வெச்சது?"

செக்கிங் டேபிளில் வசந்தமணியக்கா நூல் வெட்டிக்கொண்டே பதில் சொன்னார். "இஞ்சினியரு வெச்சதுதான். போன மாசம் முச்சூடும் லிங்க்கு, லிங்க்குன்னு இதே பாட்டுத்தான பாடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு லிங்க் கொடுத்தால் அது ஓட்டுப் போட்ட மாதிரி. ஓட்டு அதிகம் விழுந்த பக்கத்தைக் கூகுள் மேலே வைக்கிறது. நான் ஓட்டை மொத்தமாக விலைக்கு வாங்கினேன். டெலிகிராமில் ஒருத்தன், முகம் தெரியாது. பணம் போட்ட மறுநாள் ஆயிரம் லிங்க்.

அந்தப் பட்டியலை இன்றுதான் ஒழுங்காகத் திறந்து பார்க்கிறேன். பல்கேரியாவில் ஒரு டயர் கடை. நாய்க்குட்டி விற்பவரின் பக்கத்தில் கமெண்ட். மூடிப்போன ஏதோ பள்ளிக்கூடத்தின் முகவரியை எவனோ வாங்கி அதில் சூதாட்ட விளம்பரம் போட்டிருக்கிறான். நடுவில் நம் லிங்க். எல்லா இடத்திலும் ஒரே வாசகம்: 'சிறந்த உள்ளாடை குறைந்த விலை'. ஆயிரம் பேர் தற்செயலாக ஒரே வாக்கியத்தைச் சொல்வார்களா? பிடிக்காமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

கோவையில் ஓர் இணைய விளம்பர ஏஜென்சியில் மூன்று வருஷம் இதைத்தான் செய்தேன். அங்கே தண்டனை வருவதற்குள் வாடிக்கையாளர் கைமாறியிருப்பார், அல்லது நாம் கம்பெனி மாறியிருப்போம். அக்காவை விட்டு எங்கே மாறுவது?

சாயங்காலம் ஒரே ஒரு போன். அக்கா வழக்கம்போல் கட்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓர் ஆர்டருக்கு நாற்பது நிமிடம் பேசினால் எப்படி? தளத்தில் ஒரு படிவம் போட்டுவிடலாம், அளவைக் குறித்து அனுப்பட்டும் என்றேன்.

"படிவத்துல எல்லாம் வராதுடா" என்றாள்.

ஜூன் 14, வெள்ளி

லிங்க்கை எடுத்துவிடச் சொல்லி முந்நூறு தளங்களுக்கு மெயில் போட்டேன். ஒன்பது பேர் பதில் போட்டார்கள். அதில் நான்கு பேர், எடுப்பதற்குக் காசு கேட்கிறார்கள். வைக்க ஒரு காசு, எடுக்க ஒரு காசு. நல்ல தொழில்.

மிச்சத்துக்கு மறுப்புப் பட்டியல்தான் வழி. 'இந்தத் தளங்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, இவற்றின் ஓட்டை எண்ணாதே' என்று கூகுளிடம் ஏற்றுகிற கோப்பு. முறைப்படி ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். யாருக்கு நேரம் இருக்கிறது? தளங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தரும் கருவி இருக்கிறது. பத்து மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்ததையெல்லாம் ஒரே இழுப்பில் பட்டியலுக்குள் தள்ளினேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

ஜூன் 15, சனி

மறுபரிசீலனை மனு அனுப்பியாயிற்று. மனு பணிவாக இருக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டியில் படித்தேன். பணிவாகப் போட்டேன்.

ஜூன் 27, வியாழன்

தண்டனை நீங்கியது! அக்கா எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தாள். வசந்தமணியக்கா, "ஜாமீன்ல வந்துட்டியா கண்ணு?" என்றார்.

ஜூலை 2, செவ்வாய்

தண்டனை போனாலும் இடம் திரும்பவில்லை. நான்காம் பக்கத்தில் கிடக்கிறோம். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் இடத்தைப் பிடித்துக் கொடுத்ததே கள்ள ஓட்டு. அதைக் கழித்த பிறகு எதை வைத்து மேலே வருவது?

மூன்று நாளாகப் போன் அடிக்கவில்லை. வாலிபாளையம் கான்ட்ராக்டர் ஒருத்தர் குழந்தை ஜட்டியைக் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க் தரத் தயாராக இருக்கிறாராம். அக்கா மதியம் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

"ஆடி பொறந்ததும் மெஷினையெல்லாம் அதுக்கு மாத்தீரலாம்னு இருக்கறேன். ஆறு பேருக்குச் சம்பளம் குடுக்கோணுமில்ல."

"அப்ப 'இதம்'?"

"அப்பறம் பாத்துக்கலாம்."

திருப்பூரில் ஒரு மெஷின் ஜட்டிக்குப் போனால் திரும்பி வராது. அது அவளுக்கும் தெரியும். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

ஜூலை 5, வெள்ளி

நான் லிங்க் வாங்குவதற்கு முன்பும் தளத்துக்கு ஆள் வந்துகொண்டுதான் இருந்தது. குறைவுதான், ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்று பழைய கணக்கைத் தோண்டினேன். 'திண்டுக்கல் தோழியர் வட்டம்' என்று ஒரு வலைப்பூ. மதிப்பெண் 3. அதாவது போன மாதம் நானே மறுப்புப் பட்டியலில் தள்ளியது.

திறந்தேன். ரோஜா நிறப் பின்னணி, மஞ்சள் எழுத்து, மூலையில் மினுமினுக்கும் ஒரு பூ. வடிவமைத்தவரைக் கண்டால் மாற்றச் சொல்லிக் கைகூப்பிக் கெஞ்சுவேன். பதிவை மட்டும் அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

'திருப்பூரில் ஓர் அக்கா தைக்கிறார். நம்பர் கீழே இருக்கிறது. அளவு மட்டும் கேட்க மாட்டார். எந்தப் பக்கம், தழும்பு எங்கே முடிகிறது, கை தூக்கினால் வலிக்கிறதா என்றெல்லாம் கேட்பார். கூச்சப்படாதீர்கள். உங்களுக்கு எப்படிங்க இதெல்லாம் தெரியும் என்று நான் கேட்டுவிட்டேன். எனக்கும் இடது பக்கம் எடுத்திருக்குங்க என்றார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பேசினேன். வீட்டில் யாரிடமும் பேசாததையெல்லாம் பேசினேன்.'

எழுந்து டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து இன்னொரு தடவை போனேன்.

நான்கு வருஷத்துக்கு முன் அக்கா கோவையில் ஒரு மாதம் இருந்தாள். எனக்கு அப்போது கடைசி செமஸ்டர். தாராபுரத்தில் இருக்கும் அம்மாவிடம் 'வயித்துல கட்டி, எடுத்தாச்சு' என்று மச்சான் சொன்னார். எனக்கும் அதையேதான் சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. வந்ததும் அக்கா இந்தப் பொருளைத் தைக்க ஆரம்பித்தாள். அப்போதும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டேன்.

மறுப்புப் பட்டியலில் இது மாதிரி இன்னும் இருபத்திரண்டு தளம் இருக்கிறது. ஒரு நர்ஸ், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், சிவகங்கையில் மனைவிக்காக வாங்கிய ஒரு கணவர். காசு வாங்காமல் போட்ட ஓட்டு இவ்வளவுதான். எல்லாவற்றையும் நானே தள்ளிவிட்டேன்.

ஜூலை 6, சனி

இருபத்து மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்தால் கூகுள் மறுபடி எண்ணுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆடிக்குப் பதினொரு நாள்தான் இருக்கிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு வேறு யோசனை. ஏஜென்சியில் எப்போதும் சொல்வோம்: உண்மையான லிங்க் வேண்டுமா, ஜனங்கள் தாங்களாகவே பகிர்கிற மாதிரி ஒன்றை எழுது. எழுதத்தான் எவனுக்கும் விஷயம் இருக்காது. இங்கே இருக்கிறது.

காலையில் உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் ஆயிரத்து நானூறு சொல். பொதுவாக ஐந்நூறு சொல்லுக்கே எனக்கு இரண்டு நாள் ஆகும். அக்கா ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்த அன்று துண்டைக் குறுக்கே போட்டுக்கொண்டே சாப்பிட்டது, என் பட்டமளிப்பு விழாவுக்குக் கையைத் தூக்கித் தலை வாரிக்கொள்ள முடியாமல் வசந்தமணியக்காவை வரச் சொன்னது, எல்லாம் வந்துவிட்டது. கண் எரிகிறது. ஸ்கிரீனைப் பார்த்துப் பார்த்து.

பெயர் போடவில்லை. 'என் அக்கா' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 8, திங்கள்

'நடுமுற்றம்' என்ற மகளிர் இணைய இதழுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் வான்மதி போன் செய்துவிட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. அக்காகிட்ட காட்டிட்டீங்கல்ல?"

எல்லாம் சரி என்று சொன்னேன்.

பெயரில்லாமல் போடலாமா என்று அவரே கேட்டார். அங்கேதான் சிக்கல். கட்டுரைக்குள் லிங்க் தர மாட்டார்களாம். கடைசியில் எழுதியவர் பற்றிய குறிப்பில் மட்டும் ஒன்று தருவார்கள். எழுதியவர் பெயர் இல்லை என்றால் குறிப்பும் இல்லை, லிங்க்கும் இல்லை. லிங்க்குக்காகத்தானே இத்தனையும்? பெயர் போடுங்கள் என்றேன். 'நவநீதன், திருப்பூர். அக்காவின் இதம் நிறுவனத்துக்குத் தொழில்நுட்பம் பார்க்கிறார்.'

ஜூலை 11, வியாழன்

வெளியாயிற்று.

ஜூலை 16, செவ்வாய்

இன்று காலை நிலவரம்: முதல் இடம்.

ஒருத்தருக்கும் காசு கொடுக்கவில்லை, ஒருத்தருக்கும் மெயில் போடவில்லை. இரண்டு மருத்துவர்களின் பக்கம், ஒரு கல்லூரிப் பெண்கள் மன்றம், சிங்கப்பூர்த் தமிழ்ச் சங்கம் ஒன்று. எல்லாமே தாங்களாக வந்த லிங்க். வாசகம் ஒவ்வொன்றும் வேறு. ஏஜென்சி நண்பன் கிஷோர் தம்ஸ் அப் அனுப்பினான், 'எவ்வளவு செலவாச்சு?' என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று எழுதினேன்.

நாளை ஆடி ஒன்று. கான்ட்ராக்டருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். போன் அடித்துக்கொண்டே இருப்பது அவளுக்கும் ஆச்சரியமாக இருந்தது. "என்னடா மந்திரம் போட்டே?" என்றாள். சந்தோஷமாக இருந்தாள். இதை எழுதி வைக்க வேண்டும்: இன்று மத்தியானம் வரை சந்தோஷமாக இருந்தாள்.

ஜூலை 18, வியாழன்

செவ்வாய் அன்று விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் வந்த போனை எடுத்துக்கொண்டு கட்டிங் அறைக்குள் போனவள் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள்.

"உங்க தம்பி எழுதுனதப் படிச்சுட்டு அழுதேன்கறாங்க. என்ன எழுதுனே?"

போனில் திறந்து கொடுத்தேன். ஓவர்லாக் மெஷினில் சாய்ந்து நின்றபடி கடைசி வரை படித்தாள். யாரும் மெஷினை நிறுத்தவில்லை. ஆனால் ஒருத்தரும் துணியைத் தள்ளவும் இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எடது பக்கம்னுகூட எழுதியிருக்கறே."

"பேர் போடலக்கா."

"உன்ற பேரப் போட்டிருக்கறயேடா. எனக்கென்ன பத்துத் தம்பியா?"

ஆர்டர் வருகிறதே என்றேன்.

"வருது" என்றாள்.

நேற்று முழுக்க என்னிடம் பேசவில்லை. இன்று காலையில் அவளாகவே பேசினாள். திட்டியிருந்தால் தேவலை. எனக்குப் பாடம் நடத்துவது போல் நிதானமாகச் சொன்னாள்.

"கேக்கறவங்ககிட்ட சொல்றதுக்கு எனக்கு என்ன கூச்சம்? இந்த நாலு வருசத்துல எத்தனையோ பேருகிட்டச் சொல்லியிருக்கறேன். பயந்து பயந்து கேப்பாங்க, 'உங்களுக்குமா'ன்னு. ஆமாங்கன்னு சொன்னதும் அந்தப் பக்கம் மூச்சு விடற சத்தம் கேக்கும். அதுக்கப்பறந்தான் அவிங்க பேச ஆரம்பிப்பாங்க. இப்ப எல்லாந் தெரிஞ்சுட்டுக் கூப்புடறாங்க. என்னயப் பாவம்கறாங்க. நான் தைரியசாலிங்கறாங்க. அவிங்க கதைய ஒருத்தரும் சொல்ல மாட்டீங்கறாங்க. தழும்பு எங்க முடியுதுன்னு கேட்டா, 'சாதா அளவு போதுங்க'ன்னு வெச்சர்றாங்க. தழும்பு தெரியாம எப்படித் தைக்கறது?"

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"அம்மாவுக்குத் தெரியாதுடா" என்றாள் கடைசியில்.

ஜூலை 19, வெள்ளி

தெரிந்துவிட்டது.

அம்மா தாராபுரம் பக்கம் சத்துணவு அமைப்பாளர். அவர்களுக்கு ஒன்றியம் முழுக்க ஒரு வாட்ஸப் குழு. அரிசி, முட்டை, வருகைப் பதிவு, நடுவில் காலை வணக்கப் படங்கள். நேற்று அதில் யாரோ கட்டுரையைப் போட்டு, 'கண்டிப்பாகப் படியுங்கள் தோழிகளே' என்று எழுதியிருக்கிறார்கள். கீழே என் பெயர்.

பத்தரை பஸ்ஸில் வந்து இறங்கினார். மாடிப்படி ஏறி வந்து யாரிடமும் பேசாமல் செக்கிங் டேபிளில் உட்கார்ந்தார். வசந்தமணியக்கா தண்ணீர் கொடுத்தார். குடிக்கவில்லை. எதிரே குவிந்திருந்த உருப்படி ஒன்றை எடுத்தார். பஞ்சுத் திண்டைத் தனியே எடுத்து, உள்ளங்கையில் வைத்து, எடை பார்ப்பது போல் ஒரு தடவை உயர்த்தித் தாழ்த்தினார்.

அக்கா கட்டிங் அறையிலிருந்து வந்தாள்.

"வயித்துலன்னு சொன்னீங்களே, சாமி" என்றார் அம்மா.

"அப்ப உங்களுக்கு பிரசர் இருந்துச்சுங்மா. டாக்டரு..."

"அதுக்கு நாலு வருசமா? பொங்கலுக்கு வந்தப்ப எண்ணெ தேச்சு விடறேன்னேன், வேண்டாம்னுட்டே. நாங்கூட, கட்டிக் குடுத்ததும் இவளுக்கு என்ற கை ஆகலன்னு கோவிச்சுட்டேன்."

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. டேபிளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஊருக்கெல்லாம் சொல்றதுக்கு முந்தி எனக்கொரு வார்த்த சொல்லோணும்னு தோணலியாடா உனக்கு?"

ஒரு நேர்மையான பதில் இருந்தது. தோன்றவில்லை. லிங்க் மட்டும்தான் தோன்றியது. டீ வாங்கி வருகிறேன் என்று படி இறங்கினேன்.

ஜூலை 20, சனி

அம்மா ஊருக்குப் போகவில்லை. லீவு சொல்லிவிட்டார்.

ஜூலை 22, திங்கள்

தேடலில் முதல் இடம். போன் செக்கிங் டேபிளின் மேல் கிடந்து அடிக்கிறது. அக்கா எடுப்பதில்லை. மெஷின் சத்தத்தில் கேட்காத மாதிரி இருக்கிறாள்.

நான் எடுத்தேன். "ஹலோ" என்றதும் கட். அடுத்ததும் கட். மூன்றாவது பெண், "தப்பா வந்துருச்சுங்க" என்று வைத்தார். தப்பாக வரவில்லை, சரியான நம்பர்தான்.

வசந்தமணியக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "உன்ற கொரலக் கேட்டா நானே வெச்சுருவேன்." அவர் எடுத்தால், "அந்த அக்காங்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றதும் அப்புறம் கூப்பிடுகிறேன் என்கிறார்கள்.

அக்கா சரி என்று சொல்லிவிட்டாள் போல, கான்ட்ராக்டர் ஆள் அனுப்பிவிட்டார். மூன்று மெஷினில் ஜட்டி ஓடத் தொடங்கிவிட்டது. யானைப் படம் போட்ட துணி.

ஜூலை 24, புதன்

வான்மதிக்குப் போன் செய்தேன். கட்டுரையை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"இந்த வருசம் எங்க இதழ்ல அதிகம் பேர் படிச்சது இதுதான் தெரியுமா? என்ன ஆச்சு?"

"அக்காவுக்குப் பிடிக்கல."

"நவநீதன், காட்டிட்டீங்களான்னு நான் கேட்டேன். நீங்க எல்லாம் சரின்னீங்க."

"ஆமாங்க."

"என்ன 'ஆமாங்க'?"

"காட்டலைங்க."

அவர் கத்தவில்லை. "எங்க இதழ் பேரும் இதுல இருக்கு" என்றார். "நான் கேட்டதே அதுக்குத்தான்." அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று மெயில் போட்டார். அக்காவைக் கேட்டேன். இப்போது வேண்டாம் என்றாள். அப்படியே எழுதி அனுப்பினேன். இந்த வேலையில் முதல் தடவையாக ஒருத்தரைக் கேட்டுவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஆனால் முழுக் கட்டுரையையும் நகல் எடுத்துப் போட்ட தளங்கள் முப்பத்தொன்று. ஜூனில், விலைக்கு வாங்கிய லிங்க்கை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன், பெரும்பாலோர் மதிக்கவில்லை. இப்போது காசில்லாமல் அன்பாகக் கொடுத்ததை எடுக்கச் சொல்கிறேன். 'ஏன், இவ்வளவு நல்ல கட்டுரை?' என்று திருப்பிக் கேட்கிறார்கள். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. வாட்ஸப்பில் போனதற்கு எழுதி அனுப்ப முகவரியே கிடையாது.

ஜூலை 26, வெள்ளி

பதினேழு தளம் எடுத்துவிட்டன. நாம் இரண்டாம் பக்கத்துக்கு இறங்கிவிட்டோம். அக்காவிடம் சொன்னேன். "சரி" என்றாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னோடு இன்னும் நேராகப் பேசவில்லை. "அவன் சாப்பிட்டானா கேளு" என்று அக்காவிடம்தான் கேட்கிறார்.

ஜூலை 29, திங்கள்

பதினொரு மணிக்குப் போன். அக்கா கட்டிங்கில் இருந்தாள், வசந்தமணியக்கா டீக்குப் போயிருந்தார். அம்மா எடுத்துவிட்டார். அவருக்கு எந்தப் போன் அடித்தாலும் எடுத்தாக வேண்டும்.

"ஆருங்க?... ஆமாங்க, தைக்கற எடந்தான்."

பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கட்டுரையை அவர் படித்திருக்கவில்லை என்பது மட்டும் அம்மா சொன்ன பதிலிலிருந்து தெரிந்தது. படித்திருந்தால் 'உங்களுக்குமா' என்று கேட்டிருக்க மாட்டார்.

"எனக்கில்லீங்க" என்றார். "என்ற புள்ளைக்கு."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா கத்தரியை வைத்துவிட்டு வந்து அவர் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினாள். "சொல்லுங்க" என்றபடி கட்டிங் அறைக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது. முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. யானைத் துணியில் ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டைப் பிரித்தார்கள்.

வெளியே வந்ததும் அக்கா அளவுச் சீட்டை வசந்தமணியக்காவிடம் கொடுத்தாள். "வலது பக்கம். தழும்பு கைக்குழி வரைக்கும் போகுது. எலாஸ்டிக்க ரெண்டு விரல் கீழ எறக்கோணும்." அந்த ஓர் உருப்படியை அவளே மெஷினில் உட்கார்ந்து தைத்தாள்.

அம்மா முகம் கழுவிவிட்டு வந்து கேட்டார். "இப்ப ஒடம்பு எப்படி இருக்குது? எப்பப் போய்க் காட்டறே?" நான்கு வருஷத்தில் நான் ஒரு தடவையும் கேட்காத கேள்வி.

"ஆறு மாசத்துக்கு ஒருக்காங்மா. இந்த வியாழக்கெழம போகோணும்."

"ஆரு கூட வருவா?"

"அவருக்கு வேல இருக்கும். யாரையும் கூப்புடறதில்ல. பஸ்ஸுல போய்ட்டு வந்தர்றது."

அம்மா இப்போதுதான் என்னைப் பார்த்தார்.

செய்ய வேண்டியவை:

1. மிச்சமிருக்கும் பதினான்கு தளங்களுக்கும் மறுபடி எழுதுவது. பணிவாக அல்ல, உண்மையாக: 'என் அக்காவைக் கேட்காமல் எழுதினேன், எடுத்துவிடுங்கள்.'

2. மறுப்புப் பட்டியலிலிருந்து அந்த இருபத்து மூன்று தளங்களையும் நீக்கிப் புதிய கோப்பை ஏற்றுவது. ஒவ்வொன்றையும் திறந்து, படித்து.

3. டெலிகிராம்காரனின் நம்பரைப் போனிலிருந்து அழிப்பது.

4. மூன்று மெஷின் ஜட்டியிலேயே ஓடட்டும். மிச்ச மூன்றைப் பற்றி அக்கா முடிவு செய்வாள். நான் வாயைத் திறக்கக் கூடாது.

5. புதன் சாயங்காலம் அம்மாவுக்கும் சேர்த்து மூன்று பேருக்கு மறுநாள் காலைக் கோவை பஸ் விசாரிப்பது. லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போவது.

6. வியாழக்கிழமை டாக்டர் என்ன சொன்னாலும் அதை எங்கேயும் எழுதக் கூடாது. இங்கேயும்.